அணை நீர்மட்டத்தின் கீழே அலை உயரமும் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் வெளிவரும் அணை நீர்மட்ட விவரத்தைத்தான் கன்னியாகுமரி மாவட்டத்தின் குலசேகரத்தில் இருக்கும் எங்களைப் போன்றவர்கள் காலையில் முதலில் பார்க்கிறோம். 48 அடி கொள்ளளவுள்ள பேச்சிப்பாறையில் இன்று எத்தனை அடி, 77 அடி கொள்ளளவுள்ள பெருஞ்சாணியில் எத்தனை அடி, சிற்றாறு அணைகள் இரண்டிலும் எவ்வளவு என்று பார்த்த பிறகே மற்றச் செய்திகளுக்குப் போகிறோம். அந்த வரிகளுக்குக் கீழே இன்னும் ஒரே ஒரு வரியைச் சேர்க்கும்படி கேட்கவே இக்கடிதத்தை எழுதுகிறேன். நம் மாவட்டக் கடலின் அன்றைய நிலையைச் சொல்லும் வரி அது. மலையடிவாரத்தில் ரப்பர் மரங்களுக்கு நடுவே இருப்பவனுக்குக் கடல் நிலை எதற்கு என்று சிலர் கேட்கலாம். மீன்பிடிக்கப் போகிறவர்கள் கடலை அறிந்தவர்கள். அதை அறியாமல் அதில் இறங்குகிறவர்கள் கடலை விட்டுத் தள்ளியிருக்கும் எங்களைப் போன்ற உட்பகுதியினர்தாம் என்பதே என் பதில்.

மேற்கே நீரோடியிலிருந்து கிழக்கே ஆரோக்கியபுரம் வரை ஏறத்தாழ 70 கிலோமீட்டர் கடற்கரை நம் மாவட்டத்திற்கு உண்டு. குலசேகரம், அருமனை, திருவட்டார், தக்கலை, மார்த்தாண்டம் என எந்த ஊரிலிருந்து புறப்பட்டாலும் காலைச் சாப்பாட்டை முடித்துவிட்டு வேனில் ஏறினால் பதினோரு மணிக்குள் அலையில் கால் நனைத்துவிடலாம். இந்த அண்மையே எங்களை யோசிக்க விடாமல் செய்கிறது. கொடைக்கானலுக்குப் போவதென்றால் குளிருக்கு என்ன எடுத்துச் செல்வது, எங்கே தங்குவது என்று ஒரு மாதம் பேசுகிற குடும்பம், கடற்கரைக்குப் போவதை முந்தின நாள் இரவில் முடிவு செய்கிறது. எந்தக் கடற்கரை என்பதையோ கைப்பேசியில் வந்த படத்தைப் பார்த்தோ, மைத்துனர் வீட்டார் போன மாதம் போய் வந்த இடம் என்பதாலோ, திரும்பும் வழியில் நல்ல மீன் சாப்பாடு கிடைக்கும் என்பதாலோ தேர்ந்தெடுக்கிறார்கள். அன்றைக்கு அந்தக் கடல் எப்படி இருக்கும் என்ற கேள்வியை நான் அறிந்த எந்தக் குடும்பமும் கேட்டதில்லை. ஆசிரியராக இருந்த காலத்தில் பல பயணங்களுக்கு ஏற்பாடு செய்த நானும் கேட்டதில்லை.

அதற்கான விலையை ஒரு சித்திரை மாத ஞாயிற்றுக்கிழமையில் ஏறக்குறையக் கொடுத்துவிட்டேன். உறவினர்களும் அண்டை வீட்டாருமாகப் பதினேழு பேர் ஒரு வேனில் மேற்குக் கரையில் ஆறு கடலோடு சேரும் ஒரு பொழியின் அருகே போயிருந்தோம். இடத்தைத் தேர்ந்தெடுத்தவன் நான். தென்னந்தோப்பும் ஆறும் கடலும் ஒரே இடத்தில் கிடைக்கின்றன, சமைத்துக் கொண்டுவந்ததை நிழலில் அமர்ந்து சாப்பிடலாம் என்பதே என் கணக்கு. வானம் தெளிவாக இருந்தது, காற்றும் இல்லை. இரண்டு பக்கமும் அலை வெள்ளையாக உடைந்துகொண்டிருக்க, நடுவில் ஓரிடத்தில் மட்டும் தண்ணீர் அமைதியாகக் கிடந்ததைக் கண்டு, பிள்ளைகளை அங்கேயே இறங்கச் சொன்னேன். முழங்கால் அளவு தண்ணீரில் நின்ற என் தங்கையின் பேரன், பன்னிரண்டு வயதுப் பையன், சில நொடிகளில் கரையிலிருந்து நாற்பது அடி தள்ளிப் போயிருந்தான். நாங்கள் கூச்சலிட்டோமே தவிர என்ன செய்வதென்று ஒருவருக்கும் தெரியவில்லை. அவனுடைய தந்தை நீச்சல் தெரியாமலேயே பாய முயன்றபோது இரண்டு பேர் பிடித்து நிறுத்தினார்கள். கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்த மீனவர் ஒருவர் மண்ணெண்ணெய் கேன் ஒன்றை எடுத்துக்கொண்டு குறுக்காக நீந்திப் போய்ப் பையனை அதைப் பிடிக்க வைத்து, வந்த வழியே திரும்பாமல் பக்கவாட்டில் வெகுதூரம் இழுத்துச் சென்று வேறொரு இடத்தில் கரையேற்றினார். பையன் பிழைத்தான். இன்று அவனுக்குத் திருமணமாகிவிட்டது.

அந்த மீனவர் அன்று சொன்ன சொல்லை நான் மறக்கவில்லை. "சாரே, அலை அடிக்கிய எடத்துல கடலு ஆளைக் கரைக்குத் தள்ளும். அலை இல்லாம சும்மா கெடக்கிய எடந்தான் உள்ள இழுக்கும்" என்றார். வகுப்பறையில் புவியியல் நடத்திய எனக்கு அது புதிய பாடமாக இருந்தது. கரையில் வந்து மோதும் தண்ணீர் மீண்டும் கடலுக்குத் திரும்பியாக வேண்டும். திரும்பும் நீர் மணல் திட்டுகளுக்கு இடையில் பள்ளமாக இருக்கும் ஒரு வழியைக் கண்டுகொண்டு அதனூடே வேகமாக வெளியேறுகிறது. பள்ளமான இடத்தில் அலை உடைவதில்லை என்பதால் மேலே பார்க்க அமைதியாக இருக்கிறது; மணல் கலங்கியோ சற்றுக் கருத்தோ தெரிகிறது. நீந்தத் தெரிந்தவர்கூட அந்த ஓட்டத்தை எதிர்த்துக் கரையை நோக்கி நேராக நீந்தினால் களைத்துப்போய் மூழ்குகிறார். ஓட்டம் அகலத்தில் குறுகியது ஆகையால், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகர்ந்தால் அதிலிருந்து வெளியே வந்துவிடலாம். நீந்தத் தெரியாதவர் மிதக்க முயல வேண்டும். கரையில் இருப்பவர்கள் ஒருவர் பின் ஒருவராகக் குதிப்பதைப் போன்ற கேடு வேறில்லை. வெற்றுக் கேன், கயிறு, டயர் குழாய் என மிதக்கிற எதையாவது எறிய வேண்டும். மீனவச் சிறுவர்கள் நடக்கத் தொடங்கும் வயதிலேயே அறிந்திருக்கும் இந்தச் செய்தி, இருபத்தைந்து கிலோமீட்டர் தள்ளி இருக்கும் எங்கள் பள்ளிகளில் ஒரு வகுப்பிலும் சொல்லித் தரப்படுவதில்லை.

அந்த நாளில் வானம் தெளிவாக இருந்தது என்று எழுதியதற்குக் காரணம் உண்டு. மழையும் காற்றும் இருந்தால் யாரும் எச்சரிக்கையாக இருப்பார்கள். சித்திரை, வைகாசி மாதங்களில் நம் கரையைத் தாக்கும் கள்ளக்கடல் அப்படி முன்னறிவிப்புத் தருவதில்லை. இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில், நம்மிடமிருந்து ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தொலைவில் வீசும் புயல்காற்று எழுப்பும் நீண்ட அலைகள் சில நாட்கள் பயணம் செய்து இங்கே வந்து சேர்கின்றன. ஆழ்கடலில் அவை பெரிதாகத் தெரிவதில்லை. கரையை நெருங்கியதும் உயர்ந்து, வழக்கமாக நனையாத மணல்மேட்டையும் தாண்டி உள்ளே வருகின்றன. திருடனைப்போல் சொல்லாமல் வருவதால் கேரளத்து மீனவர்கள் வைத்த அந்தப் பெயரையே 2012இல் யுனெஸ்கோவும் ஏற்றுக்கொண்டது. 2024 மே 6 அன்று கணபதிபுரம் லெமூர் கடற்கரையில், திருமணத்திற்காக வெளியூரிலிருந்து நம் மாவட்டத்திற்கு வந்திருந்த மருத்துவ மாணவர்கள் ஐந்து பேர் அலையில் சிக்கி உயிரிழந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. கள்ளக்கடல் குறித்த எச்சரிக்கை அதற்கு முந்தைய நாட்களிலேயே வெளியாகியிருந்தது. ஐதராபாத்தில் உள்ள இந்தியத் தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் நாள்தோறும் அலை உயரத்தைக் கணித்து, "நீரோடி முதல் ஆரோக்கியபுரம் வரை" என்று நம் மாவட்டத்தின் பெயரிட்டே எச்சரிக்கை தருகிறது. அது மீனவர்களுக்கும் துறைமுகங்களுக்கும் கடலோர நிர்வாகத்திற்கும் போய்ச் சேர்கிறது. திருமண மண்டபத்தில் இருப்பவருக்கும் குலசேகரம் பேருந்து நிலையத்தில் வேனுக்காகக் காத்திருப்பவருக்கும் அது போய்ச் சேரவில்லை.

இதே குலசேகரத்தில் ஆற்று நீருக்கு எப்படி நடந்துகொள்கிறோம் என்பதையும் சொல்ல வேண்டும். பேச்சிப்பாறையிலிருந்து மறுகால் நீர் திறந்துவிட்டால் கோதையாற்றில் வெள்ளம் வரும், திற்பரப்பு அருவியில் குளிக்க விடமாட்டார்கள் என்பது எங்கள் ஊர் ஆட்டோ ஓட்டுநர் முதல் பள்ளிப் பிள்ளைகள் வரை அனைவருக்கும் தெரியும். வெளியூரிலிருந்து வரும் உறவினர் திற்பரப்புக்குப் போகலாமா என்று கேட்டால், காலை நாளிதழில் அணை நீர்மட்டத்தைப் பார்த்துவிட்டு நாங்களே வேண்டாம் என்று சொல்லிவிடுகிறோம். யாரும் எங்களுக்கு வகுப்பெடுக்கவில்லை. பல ஆண்டுகளாக நாள்தோறும் அந்த எண்களைப் படித்துப் படித்து, இந்த அளவைத் தாண்டினால் இப்படி நடக்கும் என்ற அறிவு ஊருக்கே வந்துவிட்டது. கடல் அலையின் உயரத்தையும் அவ்வாறே நாள்தோறும் படித்து வந்தால், ஒன்றிரண்டு ஆண்டுகளில் எது வழக்கமான அலை, எது அன்றைக்குப் போகக்கூடாத அலை என்பது உட்பகுதியினர் மனத்திலும் பதியும் என்று உறுதியாக நம்புகிறேன்.

எந்தக் கடற்கரைக்குப் போவது என்பதும் இந்த அறிவைப் பொறுத்ததே. ஆனி, ஆடி மாதங்களில் இடவப்பாதி என்னும் தென்மேற்குப் பருவமழை வலுத்திருக்கும்போது மேற்குக் கரை முழுவதும் கடல் சீற்றம் மிகுந்திருக்கும். இரையுமன்துறை, வள்ளவிளை போன்ற ஊர்களில் வீட்டு வாசல் வரை கடல் வந்து, அங்குள்ளவர்களே தூக்கமின்றித் தவிக்கும் நாட்கள் அவை; அந்த நேரத்தில் அங்கே பொழுதுபோக்கப் போவது மனத்திற்கும் ஒவ்வாத செயல். ஜூன், ஜூலை இரண்டு மாதமும் மேற்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம் என்பதையும் நினைவில் வைக்கலாம். அந்த நாட்களில் கடலைப் பார்த்தே ஆக வேண்டும் என்று வீட்டில் முதியவர்கள் விரும்பினால், நான் அவர்களை வட்டக்கோட்டைக்கு அழைத்துச் செல்கிறேன். குமரி முனைக்குக் கிழக்கே இருக்கும் அந்தக் கருங்கல் கோட்டையின் மேல்தளத்தில் நின்றால் ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் மலைத்தொடரும் தெரியும். மணலில் நடக்க முடியாத என் மூத்த சகோதரிக்கு அதைப்போல் நிறைவு தந்த இடம் வேறில்லை. கடலில் இறங்கும் ஆசை பிள்ளைகளுக்கு எழாமல் இருப்பதும் அங்கே ஒரு நன்மை.

முட்டத்தை எல்லோரும் விரும்புகிறார்கள். கலங்கரை விளக்கமும் செம்மண் மேடும் பாறைகளும் சேர்ந்த அந்த அழகை நானும் விரும்புகிறேன். ஆனால் அது மேட்டில் அமர்ந்து பார்க்க வேண்டிய கடல். பாறையின் ஓரத்தில் நின்று படம் எடுப்பவர்களைப் பின்னாலிருந்து வரும் பெரிய அலை எப்போது வழிக்கும் என்று சொல்ல முடியாது. ஈரமாகக் கருத்திருக்கும் பாறை அன்றைய தினம் ஏற்கெனவே அலை ஏறிய பாறை என்பதை மட்டுமாவது பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும். மண்டைக்காடு பகவதி அம்மன் கோயிலில் மாசிக்கொடைத் திருவிழா நடக்கும் பத்து நாட்களும் கடலில் கால் நனைக்கும் கூட்டம் பெரிது. வழிபாட்டின் பகுதியாகக் கடலுக்குச் செல்லும் பெண்கள் பலர் மலைப்பகுதிகளிலிருந்து வருகிறவர்கள், கடலோடு பழக்கம் இல்லாதவர்கள். அங்கே கூட்டமாகக் கைகோத்து நிற்பது பாதுகாப்பு என்ற எண்ணம் இருக்கிறது. காலடி மணல் சரியும்போது ஒருவர் விழுந்தால் கோத்த கைகள் மற்றவரையும் சேர்த்து இழுக்கும் என்பதை அவர்களுக்கு யாராவது எடுத்துச் சொல்ல வேண்டும்.

நாகர்கோவில் பக்கத்தில் இருப்பவர்களுக்குச் சொத்தவிளையும் சங்குத்துறையும் உண்டு. நீண்ட மணற்பரப்பு, மாலையில் நடப்பதற்கு ஏற்றது. மார்கழி முதல் மாசி வரை கடல் ஓரளவு அடங்கியிருக்கும் காலத்தில் சிறுபிள்ளைகளோடு போவதற்கு நான் சொல்வது இந்தக் கரைகளைத்தான், அதுவும் கணுக்காலுக்கு மேல் தண்ணீரில் இறங்குவதில்லை என்ற உறுதியோடு. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை கொண்டுபோன கரைகளில் நின்றுகொண்டிருக்கிறோம் என்ற நினைவும் அங்கே போகும்போது எனக்கு வராமல் இருப்பதில்லை. தேங்காப்பட்டணம் குழித்துறைத் தாமிரபரணி கடலில் சேரும் இடம். அத்துறைமுகத்தின் முகத்துவாரத்தில் அலையில் சிக்கி வள்ளங்கள் கவிழ்ந்து, பிறந்தது முதல் கடலில் வாழ்ந்த மீனவர்களே உயிரிழந்திருக்கிறார்கள். அவர்களுக்கே அப்படியென்றால் பொழியோரத்தில் நாம் குளிக்க நினைப்பது எவ்வளவு தவறு என்பதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. குளச்சலுக்குப் போகிறவர்கள் 1741இல் மார்த்தாண்டவர்மா டச்சுப் படையை வென்றதன் நினைவாக நிற்கும் தூணைப் பிள்ளைகளுக்குக் காட்டி, கரையில் வள்ளங்கள் வந்து இறங்குவதையும் மீன் ஏலம் விடுவதையும் பார்த்துத் திரும்பினாலே ஒரு நாள் பயணத்திற்குப் போதுமானது. மணவாளக்குறிச்சிப் பக்கத்தில் கரையோர மணல் கனிமங்கள் கலந்து கருமையாக இருப்பதால் வெயில் ஏறியதும் கொதிக்கும். செருப்பில்லாமல் ஓடும் குழந்தைகளின் கால் பொள்ளிவிடும் என்பதைப் பலர் போன பிறகே அறிகிறார்கள்.

கன்னியாகுமரிக்குப் போகிறவர்களுக்கு ஒரு வசதி உண்டு. விவேகானந்தர் பாறைக்குப் பூம்புகார் கப்பல் போக்குவரத்துக் கழகம் இயக்கும் படகுகள் கடல் சீற்றத்தால் நிறுத்தப்பட்டால், அச்செய்தி உடனே தொலைக்காட்சியிலும் நாளிதழிலும் வருகிறது. படகு நிறுத்தப்பட்டது என்ற ஏமாற்றத்தோடு அங்கிருந்து புறப்படும் சில குடும்பங்கள், பொழுது வீணாகக்கூடாது என்று வேனைத் திருப்பி மேற்கே இன்னொரு கடற்கரைக்குப் போய்க் குளிப்பதை நான் கண்டிருக்கிறேன். பெரிய படகுக்கே ஆகாது என்று நிறுத்தப்பட்ட நாளில், அதே கடலில், காவலர் இல்லாத ஓரிடத்தில் பிள்ளைகளை இறக்குகிறோம் என்பது அவர்களுக்குத் தோன்றுவதில்லை. கடல் ஒன்றுதான், கரைகள்தாம் பல என்ற எளிய உண்மையைச் சொல்ல அங்கே ஒரு அறிவிப்பும் இல்லை.

கடற்கரைகளில் எச்சரிக்கைப் பலகைகள் இருக்கின்றன என்பதை மறுக்கவில்லை. பெரும்பாலும் அவை குளிக்கத் தடை, ஆபத்தான பகுதி என்று ஆண்டு முழுவதும் ஒரே சொல்லைச் சொல்கின்றன. கடல் அடங்கியிருக்கும் தை மாதத்திலும் அதே பலகை, கள்ளக்கடல் வரும் சித்திரையிலும் அதே பலகை என்றால் பார்ப்பவர் அதைப் பொருட்படுத்த மாட்டார். அன்றைய நிலையை அன்றன்று மாற்றி எழுதக்கூடிய கரும்பலகை ஒன்றாவது வேண்டும். நீர் இழுக்கும் இடம் எது என்பதை அந்தந்த ஊர் மீனவர்களைக் கேட்டுக் கொடி நட்டுக் காட்ட வேண்டும். மணலின் அமைப்பு மாறும்போது இழுக்கும் இடமும் மாறும் என்பதால் நிலையான பலகையால் அதைச் செய்ய முடியாது, அங்கேயே வாழ்கிறவர்களால்தான் முடியும். அவர்களுக்கு அதற்கான ஊதியம் தருவதும் நியாயம். நம் பிள்ளைகளைக் காப்பாற்றுவதற்காக வலையைப் போட்டுவிட்டு ஓடிவரும் அந்த மனிதர்களின் ஊரில் நாம் கண்ணாடிப் புட்டிகளையும் சாப்பாட்டுப் பொட்டலங்களையும் மணலில் விட்டுவிட்டு வருகிறோம் என்பதையும் மிகுந்த வருத்தத்தோடு குறிப்பிடுகிறேன்.

ஆனால் பலகையும் கொடியும் கரைக்குப் போன பிறகு பார்ப்பவை. வேன் வாடகையைக் கொடுத்து, சோறு கட்டிக்கொண்டு, பிள்ளைகளுக்கு ஆசை காட்டி, ஒன்றரை மணி நேரம் பயணம் செய்து வந்துவிட்ட குடும்பம், பலகையைப் பார்த்ததும் திரும்பிப் போகும் என்று எதிர்பார்ப்பது எளிதல்ல. வேண்டாம் என்ற சொல் வீட்டிலேயே, புறப்படும் முன்பே கேட்க வேண்டும். ஆகவே தாங்கள் வெளியிடும் அணை நீர்மட்டப் பட்டியலின் கீழேயே, "நீரோடி முதல் ஆரோக்கியபுரம் வரை இன்றைய அலை உயரம் இவ்வளவு மீட்டர், கள்ளக்கடல் எச்சரிக்கை உண்டு, அல்லது இல்லை, கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் உதவி எண் 1093" என்று ஒரு வரி நாள்தோறும் வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன். எச்சரிக்கை இருக்கும் நாளில் மட்டும் வெளியிட்டால் போதாது. எச்சரிக்கை இல்லாத நாட்களிலும் அந்த வரி இருந்தால்தான் கண் அதைத் தேடும் பழக்கம் வரும். அதே வரியைக் குலசேகரம், மார்த்தாண்டம், தக்கலை, திங்கள்நகர் பேருந்து நிலையங்களில் காலையில் ஒலிபெருக்கியில் அறிவிக்கவும், பள்ளிகளுக்கு விடுமுறைக்கு முந்தைய நாளில் அனுப்பவும் மாவட்ட நிர்வாகம் முன்வர வேண்டும். தேநீர்க் கடையில் நாளிதழ் படிக்கும் வேன் ஓட்டுநர்களே இதில் எங்களுக்குப் பெரிய துணை. இன்று அந்தக் கரை வேண்டாம், வட்டக்கோட்டைக்குப் போவோம் என்று ஓட்டுநர் சொன்னால் எந்தக் குடும்பமும் கேட்கும்.

கோடை விடுமுறை தொடங்குவதற்குள் அந்த வரி வெளிவரத் தொடங்கினால், எங்கள் ஊர் நூலக வாசலில் நாளிதழ் பலகைக்கு மேலே அதை நாள்தோறும் சுண்ணக்கட்டியால் பெரிதாக எழுதி வைக்கும் வேலையை நானே ஏற்றுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியர்,
குலசேகரம், கன்னியாகுமரி மாவட்டம்.